முன்கண்ணாடியின் இடது மூலை

குளிர்காலத்தில் எங்கள் கால்வாய்க்கரையில் காலை என்று தனியாக ஒன்று வருவதில்லை. பனிமூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும், எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், பார்த்தால் மத்தியானம் ஆகியிருக்கும். பாக்பஜாரில் அந்தக் கரையில்தான் என் பட்டறை இருக்கிறது. மீன் தொட்டி செய்வது என் தொழில். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். சிலிக்கான் காய்கிற வாசம் அது. பச்சை மிளகாய் ஊறுகிற வினிகர் பாட்டிலைத் திறந்ததுபோல் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அந்த வாசம் அடங்கும்வரை ஐந்து கண்ணாடிகளும் தொட்டியாகவும் இல்லை, வெறும் கண்ணாடியாகவும் இல்லை. அந்த நேரங்களில் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பேன். காலித் தொட்டிக்குள் இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட அமைதியானது என்று சொன்னால் என் பௌதி, அதாவது அண்ணன் மனைவி, “உனக்கு இந்த வாசம் தலைக்கேறிடுச்சுடி” என்பாள்.

அந்தக் குளிர்காலத்தின் மாக மாதத்தில் எனக்குக் கல்யாணம். நாற்பது வயதில் கல்யாணம் என்றால் தெருவே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். மாப்பிள்ளை தாரக், அம்தலாவுக்கு அப்பால் குளங்களில் அலங்கார மீன் வளர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மீன் பைகளோடு வருவான், திரும்பும்போது என் பட்டறையில் டீ குடிப்பான். வருஷக்கணக்காக நாங்கள் பேசியதெல்லாம் வெண்புள்ளி நோய், வால் அழுகல், தண்ணீருக்கு உப்பு போடலாமா கூடாதா என்பதுதான். வால் அழுகலைப் பற்றிப் பேச வருகிற மனிதன் எதற்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து வருகிறான் என்று பௌதிதான் முதலில் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது.

எங்கள் பக்கம் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சள் வரும். அவன் மேல் பூசியது போக மிச்சத்தைப் பெண்ணுக்குப் பூசுவார்கள். அதோடு சேலை வரும், இனிப்பு வரும், பெரிய ரோகு மீன் ஒன்று வரும். அந்த மீனுக்குச் சிவப்புத் துணி சுற்றி, மூக்குத்தி மாட்டி, மணப்பெண் மாதிரி ஜோடித்துத் தட்டில் படுக்க வைத்திருப்பார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். எனக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே அந்தத் தட்டைப் பார்க்கப் பிடிக்காது. கண்ணை மூடாமல் படுத்திருக்கிற அந்தக் கல்யாணப் பெண்ணைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

“எனக்கு வர்ற மீன் உயிரோட வரணும். தொட்டி நான் செஞ்சு தர்றேன், நீ ஒரு சின்ன ரோகு விட்டு அனுப்பு” என்று தாரக்கிடம் சொன்னேன்.

“மத்த பொண்ணுங்கல்லாம் நகை கேப்பாங்க.”

“கண்ணாடி வெட்டுற கையில வளையல் போட்டா ரெண்டுல ஒண்ணு உடையும். எனக்கு மீன் போதும்.”

அவன் சிரிக்கவில்லை. மண் குவளையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, “போர்தி என்ன சொல்வாங்களோ” என்றான்.

போர்தி என்றால் பெரியக்கா. பெயர் நிருபமா, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவரை இழந்து தாய்வீடு திரும்பியவர். அப்போது தாரக் தாயில்லாத கைக்குழந்தை. அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். விதவைகளுக்கு மீன் ஆகாது என்பதால் தான் தின்னாவிட்டாலும், தம்பிக்காகத் தினமும் அரிவாள்மணையில் மீன் அரிந்து குழம்பு வைப்பார். அப்படி அரியும்போது எப்போதோ வெட்டிக்கொண்ட தழும்பு அவர் வலது கட்டைவிரலின் குறுக்கே ஓடும். கல்யாணத் தேதி குறித்தபோது அவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “உங்க இஷ்டம்” என்றார். அந்த ‘உங்க இஷ்டம்’ அன்றிலிருந்து என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

தாரக் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். “போர்தி மனசு ஒப்பாம நான் மணையில உக்கார மாட்டேன், கேயா.” அதற்காகவே அவனை எனக்கு இன்னும் பிடித்தது. அதற்காகவே அவன் மேல் கோபமும் வந்தது.

உயிர் மீன் சங்கதி போர்தி காதுக்குப் போய், பதில் வந்தது. “தொட்டியில தண்ணி நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்” என்றாராம். என் தொட்டியில் தண்ணீர் நிற்குமா என்று சந்தேகப்பட்ட முதல் ஆள் அவர்தான். சரி, தண்ணீர் நின்றால் அவர் வாயிலிருந்து ‘சரி’ வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். கல்யாணமே அந்த ஒரு தொட்டியில் வந்து நின்றது.

சிலிக்கான் வாங்க கோஷ்பாபு கடைக்குப் போனோம், நானும் தாரக்கும். கோஷ்பாபு எப்போதும்போல் குளியலறைக்குப் போடுகிற டியூபை எடுத்து நீட்டினார்.

“இதை எடுத்துக்கோ கேயா. பூஞ்சை கிட்டவே வராது.”

“பூஞ்சையைக் கொல்ற மருந்து மீனை மட்டும் கொஞ்சுமா கோஷ்பாபு? மருந்து கலக்காத வெறும் சிலிக்கான் குடுங்க. காயும்போது புளிச்ச வாசம் அடிக்குமே, அது.”

அடுத்த டியூபைத் திருப்பித் தேதி பார்த்தேன். தாண்டியிருந்தது.

“இதுவும் வேணாம். பழைய டியூப் எத்தனை நாள் ஆனாலும் காயாது, இழுத்துக்கிட்டே இருக்கும். உங்க பேச்சு மாதிரி.”

“தாரக் பாபு, இன்னொரு தடவை நல்லா யோசிச்சுக்கோங்க” என்று கோஷ்பாபு அவனைப் பார்த்துச் சொன்னார்.

தாரக் கறுப்பு சிலிக்கானைக் கையில் எடுத்தான். “கறுப்பு போடேன். விளிம்பு கோடு போட்ட மாதிரி கச்சிதமா இருக்கும். பாசி புடிச்சாலும் தெரியாது, உள்ள ஏதாவது தப்பு இருந்தாலும் தெரியாது.”

“தெரியாம இருக்குறதுதான் எனக்கு ஆகாது. நிறமில்லாததுன்னா ஒரு குமிழி நின்னாக்கூட வெளியில இருந்தே பாத்துடலாம்.” பெரிய கடைகளுக்குச் செய்யும்போது நானும் கறுப்புதான் போடுவேன், அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொட்டியில் எதையும் மூடி வைக்க எனக்கு மனசில்லை. நிறமில்லாததையே வாங்கினேன்.

கண்ணாடிகளை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, மேஜையில் பழைய பருத்திச் சேலை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்திருந்தேன். துடைத்தபின் ஒட்டும் இடத்தை நானே விரலால் தொடமாட்டேன். ஜன்னல் வழியாக வந்த மத்தியான வெயில் ஐந்து கண்ணாடியிலும் விழுந்து சுவரில் ஐந்து வெளிச்சக் கட்டங்களாக நின்றது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டம் மறைந்தது. வாசலில் போர்தி நின்றார்.

மெல்லிய கரை போட்ட வெள்ளைச் சேலை. கையில் பை. கல்யாணத்துக்கான பூஜைச் சாமான் வாங்க ஊருக்குள் வந்தாராம். பையிலிருந்து கடுகெண்ணெய் பாட்டிலின் கழுத்தும் செந்தூரப் பொட்டலமும் எட்டிப் பார்த்தன.

“உக்காருங்க போர்தி.”

உட்காரவில்லை. மேஜையருகே வந்தார். “இதுதானா?”

“இது முன்பக்கம். இது அடி. மத்த மூணும் சுவர்.”

“இவ்வளவு மெல்லிசா இருக்கே. தண்ணி தாங்குமா?”

“கண்ணாடி தாங்கிடும் போர்தி. எல்லாம் நடுவுல இருக்குற ஒட்டு கையிலதான் இருக்கு.”

அவர் குனிந்து கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாமல், “உங்க வீட்ல உனக்கு முதல் மஞ்சள் யார் வைப்பா?” என்று கேட்டார்.

“பௌதி.”

“ம். அவதானே வைக்கணும். சுமங்கலி.” தன் கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா. சர்க்கரை இல்லாம.”

டீக்கடை கரையின் அந்தக் கோடியில். நான் குவளையோடு திரும்பியபோது அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். முந்தானையின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். சுடச்சுட டீயை அப்படியே குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசற்படியில் திரும்பி, “தண்ணி நிக்கணும், கேயா” என்றார்.

அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை கூப்பிட்டதும் ஒரு மிரட்டலுக்காகவா என்று எனக்குச் சுருக்கென்றது. வீம்பும் வந்தது. அவர் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுவதற்குள் நான் வேலையில் இறங்கிவிட்டேன்.

ஒட்டுக்கு இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, டியூபின் மூக்கைச் சரிவாக வெட்டி, சிலிக்கான் பிதுக்கும் துப்பாக்கியில் போட்டு, ஒரே அழுத்தமாக அழுத்திக்கொண்டு போவேன். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். கண்ணாடியை நிறுத்திப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டதில்லை, மூலைகளில் டேப் போட்டுத் தாங்கக் கொடுத்துவிடுவேன். பிறகு உள்மூலையில் விரலை வைத்து ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் மட்டும் எனக்கு யோசனை என்று ஒன்றும் இருப்பதில்லை. இன்னும் வராத தண்ணீருக்கு, இதுவரை வா, இதற்குமேல் வராதே என்று கோடு போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இடது மூலைக்கு வந்தபோது விரல் கொஞ்சம் அதிகமாக வழுக்கியது. சிலிக்கான் வழுக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்தேன்.

காய்வதற்குச் சிலிக்கானுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். மழைக்காலத்தில் சீக்கிரம் காயும், குளிர்காலத்து வறண்ட காற்றில் சோம்பேறியாகிவிடும். ஈரத்துணிகளைக் கொடியில் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். நாளுக்கு நாள் வாசம் மெலிந்தது. ஒரு பிற்பகல், துணிகளுக்கு நடுவே முக்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் என் கல்யாணம் தொட்டிக்குள் நடந்தது. பௌதி, அண்ணன், கோஷ்பாபு எல்லாரும் மெதுவாக மிதந்து மிதந்து பந்தி பரிமாறினார்கள். தாரக்கின் மாப்பிள்ளைத் தொப்பி தலையைவிட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. போர்தி மட்டும் வெளியே நின்று கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. “உள்ள வாங்க” என்று நானும் கத்தினேன், என் வாயிலிருந்தும் குமிழிதான் வந்தது. விழித்தபோது பட்டறையில் வாசம் துளியும் இல்லை. தொட்டி காய்ந்திருந்தது.

மறுநாள் காலை தாரக்கும் போர்தியும் வந்தார்கள். தாரக் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் ஏற ஏற வெயில் அதில் பட்டு, கூரையில் வெளிச்சம் நெளிந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் எனக்குக் குழந்தைத்தனமான சந்தோஷம் வருகிற இடம் அது. போர்தி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“பாருங்க போர்தி, நிக்குது” என்றான் தாரக்.

கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அடியில் விரித்திருந்த துணியில் ஓரிடம் கருத்தது. குனிந்து பார்த்தேன். ஒரு துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. என் தொட்டி ஒழுகியது. நம்ப முடியாமல் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நனைந்தது.

வாசலிலிருந்து போர்தி கேட்டார். “எங்க ஒழுகுது?”

“ஓரமாத்தான், ஒரு மூலை” என்றான் தாரக்.

“முன்பக்கமா? இடது மூலையா?”

“ஆமா.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். “இந்தக் கல்யாணத்துல நான் இருக்க மாட்டேன். நவத்வீப் போறேன். மடத்துல ஒரு மூலை எனக்குக் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தாரக் வாளியைப் போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினான். பாலத்தருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவர் இல்லாமல் அவன் மணையில் உட்கார மாட்டான்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். துளி ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது, நான் ஒரு பக்கம். பிறகு கோபம் வந்தது. என்ன மனுஷி இவர், ஒரு துளி ஒழுகியதைச் சாக்காக வைத்து இரண்டு பேர் வாழ்க்கையைத் தட்டிவிட்டுப் போகிறாரே என்று கொதித்தேன். தண்ணீரை வடித்துவிட்டுப் பிளேடை எடுத்தேன். ஒழுகும் மூலைக்கு மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்கிறவர்கள் உண்டு. காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் ஒட்டாது, ஒட்டியதுபோல் நடிக்கும். முழுவதும் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

பிரிக்கும் முன் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தேன். நிறமில்லாத சிலிக்கான் என்பதால் தெரிந்தது. இடது மூலையில் நகக்கண் அளவுக்கு ஓரிடம் மட்டும் வெள்ளிபோல் மின்னியது. அங்கே சிலிக்கான் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது, பிடிக்கவில்லை. மற்ற இடத்தை உயிரைக் கொடுத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. அந்த இடம் தானாகக் கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் வெளிர்சிவப்பாக இருந்தது. அதில் வரிவரியாக ஒரு கட்டைவிரல் ரேகை, வார்த்து எடுத்ததுபோல் பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு.

மூக்கருகே கொண்டுபோனேன். கடுகெண்ணெய்.

புதிதாக எது வந்தாலும் அதில் எண்ணெயில் குழைத்த செந்தூரத்தால் ஒரு பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். கதவுக்கு, சைக்கிளுக்கு, விஸ்வகர்மா பூஜையன்று என் கண்ணாடி வெட்டும் மேஜைக்குக்கூட. ஆனால் கணவனில்லாதவர்கள் செந்தூரத்தைத் தொடக்கூடாது. கல்யாண வீட்டில் மஞ்சள் வைக்கக்கூடாது, பெண்ணை எதிர்கொண்டு அழைக்கக்கூடாது, ஓரமாக நின்று பார்க்கலாம். தம்பியைத் தூக்கி வளர்த்தவருக்கும் அதேதான். அதனால் என்னை டீ வாங்க அனுப்பிவிட்டு, யாருக்கும் தெரியாமல், நான் துடைத்து வைத்த கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்து, கண்ணில் படக்கூடாதே என்று முந்தானையால் துடைத்தும் விட்டிருக்கிறார். சிவப்பு போயிருக்கிறது, எண்ணெய் போகவில்லை. “தண்ணி நிக்கணும், கேயா” என்று அவர் வேண்டிக்கொண்டதைத்தான் நான் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் நிற்கவில்லை. ஒழுகிய மூலை அவர் தொட்ட மூலை. தன் கைதான் கெடுத்தது என்று அவர் போய்விட்டார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை அவருக்காக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பௌதியைக் கூப்பிட்டேன்.

மறுநாள் நான் அம்தலாவில் இறங்கியபோது குளங்கள் எல்லாம் பனிக்கு அடியில் இருந்தன. கரையெது தண்ணீரெது என்று தெரியாமல், வெள்ளைக்குள் கால் வைத்து வைத்து நடந்தேன். எங்கோ மீன் துள்ளிய சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் தாரக் தீனி வாளியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கதவோரம் ஒரு துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. போர்தி அடுக்களை வாசலில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். நவத்வீப் கிளம்புமுன் தம்பிக்குக் கடைசிக் குழம்பு போலிருக்கிறது.

“கண்ணாடி வீணாப்போச்சேன்னு கேக்க வந்தியா?” என்றார் தலை நிமிராமல்.

“இல்ல போர்தி. உங்க கட்டைவிரலைக் காட்டுங்க.”

அவர் கை நின்றது. விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் சிலிக்கான் துண்டை எடுத்து அவர் முன்னால் ரேகை தெரியும்படி வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என் கை அப்படிம்மா. தொட்டது விளங்காதுன்னு அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்க. நான்தான் கேக்காம வெச்சுட்டேன். உனக்கு நல்லது பண்ணணும்னுதான் நினைச்சேன்.” குரல் உடைந்தது. “ஒரே ஒரு பொட்டு.”

பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தேன்.

“இது யார் கை தெரியுமா? எங்க பௌதி. ரெண்டு பிள்ளை பெத்தவ. என் அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். உச்சந்தலை வரைக்கும் செந்தூரம். கல்யாணம்னா எங்க தெருவுல முதல்ல கூப்பிடுற கை. அதை எண்ணெயில தொட்டு இதுல வைக்கச் சொன்னேன், மேல மெல்லிசா சிலிக்கான் போட்டேன், ராத்திரியே காஞ்சுடுச்சு. இப்பப் பாருங்க.”

நகத்தால் ஓரத்தை நெம்பினேன். தக்காளித் தோல் மாதிரி உரிந்து வந்தது. பௌதியின் கட்டைவிரல், தடித்து, ரேகை தெளிவாக.

“புரோகிதர் வெச்சாலும் இதேதான் போர்தி. எண்ணெய் பட்ட இடத்துல ஒட்டாது. அந்த எண்ணெய் யார் கையில இருந்து வந்தது, அவங்களுக்குப் புருஷன் இருக்கானா செத்தானான்னு சிலிக்கானுக்குத் தெரியாது.”

போர்தி இரண்டு ரேகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே பனி கொஞ்சம் விலகி ஒரு குளம் தெரிந்தது. தாரக் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்துகொண்டிருந்தது.

“உங்க பௌதி ஒத்துக்கிட்டாளா இதுக்கு?”

“‘என் ராசியான கையை எதுக்குடி சந்தி சிரிக்க வைக்கிறே’ன்னு ஒரு மூச்சு சண்டை.”

போர்தி சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் மீன், துடைத்துக்கொள்ள முடியவில்லை. என் சேலைத் தலைப்பால் நானே துடைத்துவிட்டேன்.

“மூட்டையை அவிழ்த்துட்டுக் கிளம்புங்க. தொட்டியைத் திரும்பச் சேக்கணும். கண்ணாடியைப் பிடிச்சுக்க எனக்கு ஆள் இல்ல, இத்தனை வருஷமா டேப்பை நம்பியே ஓட்டிட்டேன்.”

“இந்தக் கையாலயா?”

“அந்தக் கையாலதான். மீனையும் எண்ணெயையும் சோப்பு போட்டுக் கழுவுங்க. அப்புறம் ஸ்பிரிட்டால நான் துடைச்சு விடுறேன்.”

அன்று பிற்பகல் என் பட்டறையில் போர்தி முன்கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் பழைய சிலிக்கானைத் துளிகூட விடாமல் சுரண்டி, துடைத்து, மறுபடி துடைத்து, புதிதாக இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் என் முகம். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

“ஆடாதீங்க போர்தி.”

“காய்ச்சல்ல கிடந்த தாரக்கை விடிய விடியத் தோள்ல வெச்சிருந்தவ நான். இதைப் பிடிக்க மாட்டேனா?”

இழுத்து முடித்ததும் அவர் பையிலிருந்த செந்தூரப் பொட்டலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். “வெளிப்பக்கம் வைங்க. ஆனா இப்ப வேணாம், காயட்டும். காஞ்சுட்டா எவ்வளவு எண்ணெய் பட்டாலும் அசையாது” என்றேன்.

“எப்பத் தெரியும்?”

“வாசம் போனதும்.”

கல்யாணத்தன்று காலை, பனி விலகுவதற்கு முன்பே சங்கொலி கேட்டது. தாரக் வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் என் தொட்டியைத் தூக்கி வந்தார்கள். பாதித் தண்ணீரில் ஒரு சின்ன ரோகு, யாரும் ஜோடிக்காத வெள்ளி உடம்போடு, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்தது. மூக்குத்தியை நூலில் கோத்துத் தொட்டியின் கழுத்தில் கட்டியிருந்தார்கள். முன்கண்ணாடியின் இடது மூலையில், வெளிப்பக்கம், கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்புப் பொட்டு. அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

போர்தி வழக்கம்போல் நிலைக்கு வெளியே நின்றுகொண்டார். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பௌதி மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். எழுந்து போய்க் கிண்ணத்தைப் போர்தியிடம் நீட்டினாள். யாரோ ஒரு அத்தை “அய்யோ, அவங்க எப்படி…” என்று ஆரம்பித்தார். “என் கையும் ஒட்டாத கைதான் அத்தை, கேயாகிட்டயே கேளுங்க” என்றாள் பௌதி.

போர்தி தயங்கித் தயங்கி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்தார். கடுகெண்ணெய் குழைத்த மஞ்சள், விரலிலிருந்து வழிந்தது.

“எண்ணெய்க் கை, கேயா” என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

“வாசம் போயி எத்தனையோ நாளாச்சு போர்தி. வைங்க.”

என் கன்னத்தில் அந்தக் கட்டைவிரல் பதிந்தது. குறுக்கே ஓடுகிற வெட்டுக்கோடும் சேர்ந்து பதிந்தது.